உப்பு மண்ணில் ஒரு சிவப்புக் கிழங்கு!

காரைக்காலிலிருந்து பஸ் ஏறுகிற மனுஷன் மடியில் சிவப்பாக ஒரு பாட்டில் இருந்தால் உலகம் அவனை எப்படிப் பார்க்கும்? எனக்குத் தெரியும். பட்டுவிட்டேன்!

பூவம் தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் தமிழ்நாடு ஆரம்பம். பாலத்துக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி அரசாங்கம். இங்கே பெட்ரோல் விலை வேறு, 'அந்த' விலையும் வேறு. அதனால் அந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட். பஸ் நின்றது. போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். முன் ஸீட்டிலிருந்து ஒவ்வொரு பையாகத் தட்டிக்கொண்டே வந்தவர், என் மடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சார் அது?"

"பீட்ரூட்."

"ஓஹோ... இப்ப அதுக்கு அப்படி ஒரு பேரா?"

"நிஜமாவே பீட்ரூட் சார். அக்கா வீட்டுலேர்ந்து வர்றேன்."

"இந்த பஸ்ல வர்ற எல்லாருக்கும் காரைக்கால்ல ஒரு அக்கா இருக்காங்க சார்" என்றபடி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். குப்பென்று வினிகர் நெடி. மனுஷன் மூன்று தடவை தும்மினார். பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, சரக்கு புளிச்சுப் போச்சுன்னா கீழ கொட்டிடாதீங்க. இப்படிக் குடுங்க!"

பஸ் பூராவும் சிரித்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். சந்தேகத்தோடு வாயில் போட்டவர் முகம் மெல்ல மாறியது. "நல்லாருக்கே... வீட்டம்மாவுக்கு டாக்டர் பீட்ரூட் சாப்பிடச் சொல்லியிருக்காரு. வாடையே ஆகாதுங்கறாங்க. இதை எப்படி சார் பண்றது?"

நான் செய்முறை சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். போலீஸ்காரர் இறங்கிவிட்டார். மீதிப் பாதி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பவராக இருக்கவேண்டும் என்று திருநள்ளாறு சனீஸ்வரனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

* * *

நாங்கள் மாயவரத்துக்காரர்கள். அக்காவை 1975-ல் காரைக்காலில் கொடுத்தோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பஸ் பயணம்தான். ஆனால் எங்கள் தெருவில் "ஃபாரின் சம்பந்தம்" என்று பேச்சு. காரணம், அக்காவின் மாமனார் பிரெஞ்சுப் பிரஜை. சம்பந்தி வருகிறார் என்றதும் வெள்ளைக்காரரைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்தது. வண்டியிலிருந்து வேட்டி கட்டி, வெற்றிலை போட்டுக்கொண்டு, எங்கள் அப்பாவைவிட இரண்டு மடங்கு கறுப்பாக ஒருவர் இறங்கினார். கூட்டம் கலைந்துவிட்டது.

காரைக்கால் கதை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய ஊர் இது. சுமார் 160 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தலைநகரான புதுச்சேரியோ 130 கிலோமீட்டர் தள்ளி. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அப்போது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். அக்காவின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இந்தோசீனா வரை போய்வந்த 'சொல்தா'. எழுதிக் கொடுத்தார். அதனால் அத்தானும் பிரெஞ்சுப் பிரஜை, அவர் பிள்ளையும் பிரெஞ்சுப் பிரஜை. அந்தப் பிள்ளை இப்போது பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை, வீடு, குடும்பம். அக்கா மட்டும் பிடிவாதமாக இந்திய பாஸ்போர்ட்.

அத்தான் 2019-ல் காலமானார். அன்றிலிருந்து அக்கா அந்தப் பெரிய வீட்டில் தனியாக. போன தை மாசம் மருமான் போன் செய்தான்.

"மாமா, அம்மாவுக்கு எழுபது ஆச்சு. வீட்டை வித்துட்டு இங்க வந்துடச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் கேப்பாங்க."

அக்கா என் பேச்சைக் கேட்ட ஒரே சம்பவம் 1968-ல் நடந்தது. அதுவும் தப்பாகப் போய்விட்டது. ஆனாலும் தாய்மாமன் என்கிற கௌரவம் விடுமா? மாசி முதல் வாரம் கிளம்பிவிட்டேன்.

* * *

கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு. உள்ளே நுழைந்ததும் "வா" என்றாள் அக்கா. அடுத்த வார்த்தை, "செருப்பை வாசல்லயே விட்டுட்டுக் கொல்லைக்கு வா. ஒரு கை குறையுது."

கொல்லையில் இரண்டு பாத்தி. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி மேடாக்கிய பாத்தி. முதல் பாத்தியில் கரும்பச்சை இலை, ரத்தச் சிவப்பு நரம்பு, மண்ணுக்கு மேலே பாதி தலை நீட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாக... பீட்ரூட்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரைக்கால் மாங்கனிக்குப் பேர் போன ஊர். ஆனி பௌர்ணமியில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா நடக்கும்போது மாடியிலிருந்தெல்லாம் மாம்பழம் இறைப்பார்கள். மீனுக்குப் பேர் போன ஊர். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைகிற இங்கிலீஷ் காய்க்கு இங்கே என்ன வேலை?

"சிரிக்காதே. இது யார் வெச்ச பாத்தி தெரியுமா? உங்க அத்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

2004 டிசம்பர் 26. சுனாமி அந்தக் கொல்லைக்குள்ளும் வந்தது. மனுஷர்கள் தப்பித்தார்கள். காரைக்கால் கடற்கரைக் குப்பங்களில் பறிபோன உயிர்களைப் பார்க்கும்போது அக்கா வீட்டு நஷ்டம் ஒன்றுமே இல்லை. ஆனால் கடல் திரும்பிப் போனபோது உப்பை விட்டுவிட்டுப் போனது. முருங்கை பட்டுப்போனது. வாழை கருகியது. எலுமிச்சை நின்றபடியே செத்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. வெயில் ஏற ஏற மண்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்குமாம், யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. கீழே இருக்கிற உப்பு, தண்ணீரோடு மேலே ஏறி, தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகிறது.

அத்தான் விடவில்லை. செருமாவிலங்கையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, 1987-ல் ஆரம்பித்தது. அங்கே போய்க் கேட்டார். புத்தகங்கள் படித்தார். மூட்டை மூட்டையாக ஜிப்சம் போட்டார். மழைத் தண்ணீரைத் தேக்கி வடிய விட்டார். தக்கைப்பூண்டு விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதார். மூன்று வருஷம் கழித்துத்தான் கத்தரிக்காய் பிழைத்தது. நடுவில் ஒருநாள் ஒரு பொட்டலத்தோடு வந்தாராம்.

"என்னது?"

"பீட்ரூட் விதை."

"பைத்தியமா? இது என்ன ஊட்டியா?"

அப்போது அத்தான் சொன்ன பதிலை அக்கா அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள்: "இது மலைக்காய்னு நீ நினைக்கிறே. இதோட கொள்ளுப்பாட்டி கடற்கரைக்காரிடி!"

அத்தான் சொன்னது சுத்தமான உண்மை. ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் அலையடிக்கிற கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் ஒரு கீரைதான் பீட்ரூட்டின் மூதாதை. 'பீட்டா மாரிட்டிமா' என்று விஞ்ஞானிகள் பேர் வைத்திருக்கிறார்கள். 'மாரிட்டிமா' என்றால் கடலைச் சேர்ந்தது என்று அர்த்தம். பழைய காலத்தில் இலையைத்தான் தின்றார்கள். வேர் உருண்டு திரண்டதெல்லாம் பிற்பாடு, மனுஷன் கைபட்டு. காய்கறிகளில் உப்பைத் தாங்குவதில் இன்றைக்கும் முன்வரிசையில் நிற்பது இதுதான். நாம் என்னவோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிற துரைசாணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

* * *

வீட்டில் பீட்ரூட் போட நினைக்கிறவர்களுக்கு அக்கா சொன்ன விஷயங்கள். கடலோரக்காரர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்கவும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதையைத் தொடாதீர்கள். அழுகிவிடும். ஆனால் அந்த மழையால் ஓர் உபகாரம் உண்டு. மண்ணில் இருக்கிற உப்பை அதுதான் அலம்பிக் கீழே தள்ளுகிறது. மழை ஓய்ந்து, மார்கழிக் குளிர் தொடங்கினதும் விதைக்கவேண்டும். நம்ம கரைக்கு அதுதான் ஊட்டி சீஸன். மாசிக் கடைசி, பங்குனிக்குள் எடுத்துவிட வேண்டும். அறுபதிலிருந்து எழுபத்தைந்து நாள் பயிர்.

டெல்டா களிமண்ணில் நேராகப் போடக்கூடாது. வேர் இறங்க முடியாமல் கோணிக்கொண்டு இரண்டு கால், மூன்று கால் முளைத்து பொம்மை மாதிரி வரும். முக்கால் முதல் ஓர் அடி ஆழத்துக்குப் பொலபொலவென்று மண் வேண்டும். அக்கா பாத்தியில் மண், மணல், தேங்காய்நார்க் கழிவு, நன்றாக மக்கின சாணி எல்லாம் கலந்திருக்கிறது. இடமில்லாதவர்கள் பழைய சிமெண்ட் சாக்கில்கூடப் போடலாம். அடியில் ஓட்டை மட்டும் முக்கியம். பச்சைச் சாணியும் யூரியாவும் தாராளமாகப் போட்டால் இலை மட்டும் கல்யாணப் பந்தல் மாதிரி வளரும். கீழே கிழங்கு கோலிக்குண்டு சைஸில் நிற்கும்.

விதையை ராத்திரி ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போடவேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். இங்கேதான் ஒரு வேடிக்கை. நாம் ஒரு விதை என்று நினைத்துப் போடுவது ஒரு விதை அல்ல. இரண்டு, மூன்று, சமயத்தில் நாலு விதைகள் சேர்ந்த கொத்து! ஒரு குழியில் ஒரு குடும்பமே முளைக்கும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் ஒன்றும் தேறாது. மூன்று வாரத்தில் நாலு அங்குலத்துக்கு ஒன்றாக விட்டுவிட்டு மற்றதைக் களையவேண்டும்.

அக்கா என்னைக் கூப்பிட்ட வேலை அதுதான். இரண்டாவது பாத்தி. பிஞ்சு பிஞ்சாக நிற்கிறது. எனக்கு மனசு வரவில்லை.

"இதை எடுத்து அந்தக் காலி இடத்துல நட்டா என்னக்கா?"

"வேர்க்காயைப் பிடுங்கி நட்டா இலை பிழைக்கும்டா. கிழங்கு ஒழுங்கா வராது. ஆணிவேர்ல அடிபட்டுடுது பாரு" என்றாள், கையிலிருந்த நாற்றைக் கீரைத்தட்டில் போட்டபடி.

நான் வந்த காரியத்தைச் சொல்ல அது சரியான நேரம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு களையெடுத்தேன்.

தண்ணீர் விஷயம் ரொம்ப முக்கியம். வளர்ந்த செடி உப்பைத் தாங்கும். ஆனால் முளை தாங்காது. அதனால் முதல் மூன்று, நாலு வாரத்துக்கு அக்கா, மழையில் தொட்டியில் பிடித்த தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும்தான் ஊற்றுகிறாள். அதற்கப்புறம்தான் சப்பென்று கரிக்கிற கிணற்றுத் தண்ணீர். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கென்று ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை நம்பி இருப்பது இந்தக் காரைக்கால் வயல்கள்தான். கடைமடைக்கும் கடைமடை. மேலே தண்ணீர் குறைந்தால் அரசலாற்றின் வாயில் கடல் உள்ளே நுழைந்துவிடும். "ஆத்துத் தண்ணி வந்தா கடல் வெளியில நிக்கும். வரலேன்னா கடல் உள்ளே வந்து உக்காரும்" என்று அக்கா ஒரே வரியில் சொன்னாள்.

* * *

முதல் நாள் மதியம் பீட்ரூட் பொரியல். ராத்திரி பீட்ரூட் பச்சடி. மறுநாள் காலையில் பீட்ரூட் துருவிப் போட்ட அடை. மதியம் சென்னாக்கூனி வறுத்துப் போட்டு ஒரு பிரட்டல். கடற்கரைக்காரர்கள் கையில் எது கிடைத்தாலும் கொஞ்சம் கூனிக் கருவாடு சேராமல் இருக்காது. இனிப்பும் கருவாடும் சேருமா என்று யோசித்தேன். சேருகிறது சார், சாதம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்!

மூன்றாம் நாள் விடியற்காலை பாத்ரூம் போனவன் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"அக்கா! போச்சு... எல்லாம் போச்சு. ரத்தமா போகுது! ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடு!"

அக்கா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவதை நிறுத்தவே இல்லை. "பீட்ரூட் சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு ஊரே சொல்லுது. உனக்கு ஊறி வழியுதுபோல" என்றாள்.

விஷயம் இதுதான். பீட்ரூட்டின் சிவப்புச் சாயம் சிலர் உடம்பில் முழுசாகச் சிதைவதில்லை. அப்படியே வெளியே வந்துவிடும். நூறு பேரில் பத்து, பதினாலு பேருக்கு இப்படி ஆகும். ஒன்றும் பயமில்லை. இரும்புச்சத்து குறைவாக இருக்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும் என்கிறார்கள். எனவே ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் நல்லது. பீட்ரூட் சாப்பிடாமலே சிவப்பாகப் போனால் மட்டும் ஜோக் அடிக்காமல் டாக்டரிடம் ஓடவும்.

இன்னொன்று. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது கலர் பார்த்து ஏமாறுகிற கதை. நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பக்கத்தில் நிற்கிற முருங்கைக்கீரைதான் அதில் பெரியண்ணன். பீட்ரூட்டில் நிஜமாகவே நிறைய இருப்பது ஃபோலேட். அதுவும் ரத்த அணு உற்பத்திக்கு வேண்டியதுதான். ஆக, கிழங்குக்குப் பாதி மார்க் போடலாம். இலையையும் வீணாக்காதீர்கள். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு செய்தால் எந்தக் கீரைக்கும் சளைக்காது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் கிழங்கையும் இலையையும் அளவோடு நிறுத்திக்கொள்ளவும். ஆக்ஸலேட் அதிகம்.

* * *

அன்று ராத்திரி மருமான் வீடியோ காலில் வந்தான். நான் ஜாடை காட்டினேன், இன்னும் பேசவில்லை என்று. அவனாகவே ஆரம்பித்தான். "அம்மா, இங்க பீட்ரூட் கிடைக்காதுன்னா நினைக்கிறே? பாரு!" என்று ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினான். பிரான்ஸில் பீட்ரூட்டை வேகவைத்து, தோலுரித்து, காற்றை உறிஞ்சி பாக்கெட்டாகவே விற்கிறார்கள். வீட்டில் பச்சையாக வாங்கி வேகவைக்கிறவர்கள்தான் குறைவாம்.

"வேகவெச்சதா? அப்ப எனக்கு அங்க என்ன வேலை?" என்றாள் அக்கா.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் பீட்ரூட்டுக்கும் உறவு பெரியது. பீட்டிலிருந்து சர்க்கரை எடுக்கலாம் என்று 1747-ல் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான மார்க்ராஃப். நெப்போலியன் காலத்துச் சண்டையில் பிரிட்டிஷ் கப்பல்கள் கடலை மறித்து, கரும்புச் சர்க்கரை வராமல் போனதும், நெப்போலியன் வெள்ளை பீட்டைப் பயிரிடச் சொல்லி உத்தரவு போட்டார். 1812 ஜனவரியில் டெலெஸ்ஸேர் என்பவரின் ஆலைக்குப் போய், சர்க்கரையைப் பார்த்த சந்தோஷத்தில் தன் சட்டையிலிருந்த பதக்கத்தையே கழற்றிக் குத்திவிட்டார் என்பார்கள். அந்த வெள்ளை பீட்டும் நம் சிவப்பு பீட்ரூட்டும் ஒரே ஜாதிச் செடி.

இதில் காரைக்காலுக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது. 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் அதன் தீவுகளில் கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போயிற்று. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பல் ஏற்றினார்கள். 1853-ல் முதல் கப்பல் மர்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் குவாதலூப். அந்த இரண்டு தீவுகளுக்கு மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேலே போனார்கள். பெரும்பாலான பேர் திரும்பவில்லை. அங்கே அவர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருக்க, ஐரோப்பாவில் பீட் சர்க்கரை மலைமலையாகக் குவிந்து, 1880-களில் சர்க்கரை விலையே சரிந்தது. தீவுகளில் ஆலைகள் ஆட்டம் கண்டன. நம் ஊரிலிருந்து போன ஜனங்களின் கூலியோடு, ஒரு கிழங்கு கடல் தாண்டிப் போட்டி போட்டிருக்கிறது!

இதை நான் சொன்னபோது அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "போனவங்களை யாராவது கேட்டிருப்பாங்களா, வர்றியான்னு?"

"கையெழுத்து வாங்கியிருப்பாங்க..."

"அது கேக்கறதாடா?"

போனில் மருமான் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கும்தான். அவன் கெட்டவன் இல்லை. ராத்திரி போன் மணி அடித்தால் என்னவோ ஏதோ என்று துள்ளி எழுகிற பிள்ளை. ஐந்தாயிரம் மைல் தள்ளியிருந்து அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுவாளோ என்று பயப்படுகிறவன். "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றான் தழுதழுத்த குரலில்.

நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அக்காவே பேசிவிட்டாள்.

"வர்றேண்டா. மூணு மாசம். சித்திரையில வந்து ஆடிக்குத் திரும்பிடுவேன். வெயில்ல இங்க பாத்தியில ஒண்ணும் இருக்காது. வீட்டை விக்கிறதைப் பத்தி அப்புறம் யாரும் பேசக்கூடாது. வாசல்ல வழுக்காத கல்லு போட்டுக் குடு, பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி போட்டுக் குடு, ராத்திரி துணைக்கு ஒரு ஆள் வெச்சுக்கறேன். மார்கழிக்கு நான் பாத்தி போடணும். அவர் போட்டது நிக்கக்கூடாது."

மருமான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "சரிம்மா" என்றான். "அந்தத் தாத்தா சலாத் பண்ணிக் குடுப்பியா இங்க வந்து?"

"பாக்கெட்டை உடைச்செல்லாம் பண்ண மாட்டேன். பச்சைக் கிழங்கு வாங்கி வை."

* * *

இப்போது போலீஸ்கார நண்பருக்கு. அந்த 'தாத்தா சலாத்'தான் உங்கள் பஸ் பாட்டில். சொல்தா தாத்தா பட்டாளத்தில் கற்றுக்கொண்டு வந்தது.

கிழங்கைத் தோல் சீவக்கூடாது. வாலை வெட்டக்கூடாது. காம்பிலும் ஓர் அங்குலம் விடவேண்டும். காயம் பட்டால் சாயமும் ருசியும் தண்ணீரில் போய்விடும். அப்படியே முழுசாகக் குக்கரில் வேகவைத்து, ஆறினதும் கையால் தள்ளினால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். இதுவரைக்கும்தான் பஸ்ஸில் சொன்னேன்.

மீதி: சதுரம் சதுரமாக நறுக்கி, சின்ன வெங்காயம், மிளகுத்தூள், உப்பு சேர்த்துச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். கடுகை அரைத்து ஒரு ஸ்பூன். வினிகரைக் கொதிக்கவைத்து, அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு, துண்டுகள் முழுகும்படி ஊற்றுங்கள். மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரம், பத்து நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

வீட்டம்மாவுக்கு வாடை ஆகாது என்றீர்களே, அதற்கும் மருந்து இதில்தான் இருக்கிறது. பீட்ரூட்டில் வருவது மண்வாசனை. கவி நயத்துக்காகச் சொல்லவில்லை. முதல் மழையில் மண்ணிலிருந்து கிளம்புகிற வாசனைக்குக் காரணமான 'ஜியோஸ்மின்' என்கிற அதே வஸ்துதான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. புளிப்பு பட்டால் அது அடங்கிவிடும். வினிகர், எலுமிச்சை, புளி, தயிர், எது வேண்டுமானாலும். பிரெஞ்சுக்காரன் வினிகர் ஊற்றுவதும் நம் பாட்டி தயிர்ப்பச்சடி செய்வதும் ஒரே சூட்சுமம். புளிப்பு சேர்த்தால் நிறமும் மங்காது.

கிளம்புகிற அன்றைக்கு அக்கா பாட்டிலோடு ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்தாள். பீட்ரூட் விதையாக்கும் என்று பிரித்தேன். தக்கைப்பூண்டு விதை.

"நான் சித்திரையில போனதும் நீ வந்து இதைப் பாத்தியில விதைக்கணும். நாப்பத்தஞ்சாம் நாள் மறுபடி வந்து மடக்கி விடணும். அப்பதான் மார்கழிக்கு மண்ணு தயாரா இருக்கும்."

"நானா? சென்னையிலேர்ந்தா?"

"பின்ன? என்னை அனுப்பத்தானே வந்தே!"

ஆகவே சித்திரையில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை காரைக்கால் பஸ்ஸில் போகப்போகிறேன். திரும்பும்போது என் மடியில் பாட்டில் எதுவும் இருக்காது. அக்காதான் ஊரில் இல்லையே. செக்போஸ்ட் நண்பர் டியூட்டியில் இருந்தால், அந்த வினிகர் பாட்டிலை மூன்றாம் நாள்தான் திறக்கவேண்டும் என்பதை மட்டும் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன். மறுநாளே திறந்தால் புளிப்பு உள்ளே இறங்கியிருக்காது. ஊறுவதற்கு அதற்கென்று ஒரு நாள் கணக்கு இருக்கிறது சார், அவசரப்பட்டு ஆகாது!